ட்ஸிட்ஸிலாலிச்: இது நம்ம இரட்டைக்கிளவியா?

3 அக்டோபர் 2024, மாலை 6.20 (கேள்வி)

போன வாரம் சியாட்டல் போயிருந்தேன். படகுத்துறைப் பக்கம் ஒரு தெருப் பலகையில ‘ட்ஸிட்ஸிலாலிச்’னு எழுதியிருந்தது. அந்த ஊர் ஆதிகுடிகளோட மொழின்னு சொன்னாங்க. ‘ட்ஸி ட்ஸி’ன்னு ரெண்டு தடவை வருதே, இது நம்ம இரட்டைக்கிளவிதானே? சலசல, கலகல மாதிரி? அமெரிக்க ஆதிகுடிகளுக்கும் தமிழுக்கும் உறவு உண்டுன்னு எங்க பெரியப்பா முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கார். அந்த ஊர்ல இருக்கிறவங்க யாராவது விளக்குங்க.

3 அக்டோபர், இரவு 10.15

இல்லை.

3 அக்டோபர், இரவு 10.50

சரி, ஒரு சொல்லோட விட்டா பெரியப்பா தூங்க மாட்டார். நீட்டியே சொல்றேன்.

பலகையில இருக்கிறது லஷூட்ஸீட் மொழி. பியூஜெட் சவுண்ட் கடல்கழியைச் சுத்தி இருந்த மக்களோட பேச்சு. சியாட்டல்ங்கிற ஊர்ப் பெயரே அந்த மொழி பேசின தலைவர் ஒருத்தரோட பெயர்தான். சேலிஷ்னு ஒரு மொழிக் குடும்பம், அதுல இருபத்து மூணு மொழி சொல்வாங்க. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால இருந்து வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, ஓரிகன் கடற்கரை வரைக்கும் பரவியிருக்கு. லஷூட்ஸீட் அதுல ஒண்ணு.

இன்னிக்குப் பயனியர் சதுக்கம்னு சொல்ற இடத்துல முன்னாடி ஒரு கிராமம் இருந்தது. அதோட பெயர்தான் ட்ஸிட்ஸிலாலிச். ‘கடந்து போற சின்ன இடம்’னு பொருள். நம்ம வாயில சொன்னா ‘சின்னக் கடவு’. 2023-ல கடலோரத் தெருவுக்கு கௌரவப் பெயரா வச்சாங்க.

அதுல ‘கடவு’ எது, ‘சின்ன’ எதுன்னு பாருங்க. கடவுங்கிறது பின்னாடி இருக்கிற ட்ஸலாலிச். முன்னாடி ஒட்டியிருக்கிற அந்த ‘ட்ஸி’தான் ‘சின்ன’. தனியா ‘சின்ன’ன்னு ஒரு சொல்லே அங்க கிடையாது. முதல் மெய்யை எடுத்து, ஒரு இகரத்தைக் கோத்து, சொல்லுக்கு முன்னாடி வச்சாச்சு. பொருள் சுருங்கிடுச்சு.

சலசலல ‘சல’ன்னு பாதியா உடைச்சா கையில ஒண்ணும் மிஞ்சாது. இரட்டைக்கிளவிக்கு இலக்கணமே அதுதான். இங்க உடைச்சா பாதி முழு ஆளா எழுந்து நிக்குது.

4 அக்டோபர், காலை 7.05

ராத்திரி எழுதினதுல ஒரு இடம் மழுப்பல். ‘ட்ஸலாலிச்’, ‘ட்ஸிலாலிச்’ன்னு மாத்தி மாத்தி வருதே, எது சரின்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அந்த மொழியில அங்க இருக்கிறது அகரமும் இல்ல, இகரமும் இல்ல. வாயைத் திறந்தும் திறக்காம சொல்ற ஒரு மங்கல் உயிர். பலகை எழுதினவங்க ‘இ’ன்னு வச்சாங்க, நான் ‘அ’ன்னு வச்சுக்கிறேன். தமிழ்ல அதுக்கு எழுத்து இல்லை. ‘பாட்டு’ன்னு பேச்சுல சொல்றப்போ கடைசில வர்ற குற்றியலுகரத்தைக் கொஞ்சம் நடுவுக்கு இழுத்தா பக்கத்துல வரும்.

இன்னொரு தொல்லை, தொண்டையைப் பட்டுன்னு அடைக்கிற ஒலி. ஆய்தம் போடலாமேன்னு எனக்கும் முதல்ல தோணிச்சு. ஆனா ஃ வந்தாலே நம்ம ஆட்கள் ஃபேன், ஃபோன்னு ஊத ஆரம்பிச்சிடறாங்க. பக்கத்துல கனடாவுல ஸ்குவாமிஷ் மக்கள் அதுக்கு 7-ங்கிற எண்ணையே எழுத்தா வச்சிருக்காங்க. வான்கூவர்ல இருந்து விஸ்லர் போற நெடுஞ்சாலைப் பலகைகள்ல சொல்லுக்கு நடுவுல 7 நிக்கும். முதல் தடவை பார்த்தப்போ பெயின்டர் தூங்கிட்டார்னு நெனச்சேன். நானும் இனிமே 7 போடுறேன். வாய்ப்பாடு இல்லை, தொண்டை அடைப்பு.

4 அக்டோபர், இரவு 9.30

இது நீளமான குறிப்பு. காபி எடுத்துட்டு வாங்க.

நான் மொழியியல் படிச்சவன் இல்லை. கட்டடங்களுக்குத் தண்ணிக் குழாய் வரைபடம் போடுற வேலை. இங்க வந்து பதினோரு வருஷம். ஒரு குளிர்காலம் முழுக்க, செவ்வாய்க்கிழமை மாலையில, வெளியாட்களையும் சேர்த்துக்கிற ஒரு வகுப்புக்குப் போனேன். கூட உட்கார்ந்தவங்கள்ல பாதிப் பேர் தங்களோட பாட்டி மொழியைத் திருப்பிப் பிடிக்க வந்தவங்க. நான் வேடிக்கை பார்க்கப் போனவன். அதனால என் வார்த்தையைக் கல்வெட்டா எடுத்துக்காதீங்க.

அங்க கத்துக்கிட்ட சொற்கள்ல என்னைக் கட்டிப்போட்டது ஒண்ணு: படா7. பிள்ளைன்னு பொருள், ‘என் பிள்ளை’ன்னு சொல்ற பிள்ளை. ப-வை பஸ்ஸோட ப மாதிரியும், ட-வை டாக்டரோட ட மாதிரியும் சொல்லணும். இப்ப இதை வளைச்சுப் பாருங்க.

பட்படா7 — பிள்ளைகள். முதல் மெய், உயிர், அடுத்த மெய், மூணையும் படியெடுத்து முன்னாடி வச்சா ‘பல’.

பிபடா7 — குட்டிப் பிள்ளை. முதல் மெய்யும் ஒரு உயிரும் மட்டும் படியெடுத்தா ‘சின்ன’.

எவ்வளவு படியெடுக்கிறோம்ங்கிறதுலதான் பொருளே இருக்கு. மூணு எழுத்து எடுத்தா கூட்டம், ரெண்டு எழுத்து எடுத்தா குட்டி. இது புரிஞ்ச அன்னிக்கு வகுப்புல இருந்து வீடு வரைக்கும் காருக்குள்ள பட்படா7, பிபடா7ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரம்மா கண்ணாடியை ஏத்திட்டாங்க.

ரெண்டையும் ஒண்ணா வச்சா என்ன ஆகும்? இங்கதான் விஷயம்.

‘பல’ முதல்ல சேர்ந்து, அது மேல ‘சின்ன’ ஏறினா: பிபட்படா7. ‘சின்ன’ முதல்ல சேர்ந்து, அது மேல ‘பல’ ஏறினா: பிபிபடா7. ரெண்டும் ‘சின்ன, பல, பிள்ளை’தானே, ஒண்ணுதானேன்னு தோணும். பிபிபடா7ன்னா குட்டிப் பிள்ளைங்க. பிபட்படா7ன்னா பொம்மைங்க! நாய் போட்ட குட்டிக் கூட்டத்துக்கும் அதே சொல்தான். பிள்ளைங்கங்கிற கூட்டத்தை மொத்தமா சின்னதாக்கினா பொம்மையும் நாய்க்குட்டியும் ஆகுது. சின்னப் பிள்ளையைப் பலவாக்கினா அது பிள்ளைங்களாவே நிக்குது. அடுக்குற வரிசை மாறினதும் ஆளே மாறிடறாங்க.

எல்லன் ப்ராஸ்லோன்னு ஒரு மொழியியலாளர் 1983-ல இந்த இரட்டைப் படியைத்தான் தனியா எடுத்துக் கட்டுரை எழுதினாங்க. அதுக்கப்புறம் மொழியியல்காரங்க இந்தக் குடும்பத்தை விடவே இல்லை.

வீட்ல கொலு நடந்துட்டிருக்கு. அஞ்சு படியிலயும் பிபட்படா7 உட்கார்ந்திருக்கு. சுண்டலுக்கு வந்த பிபிபடா7 ரெண்டு பேர் செட்டியார் பொம்மையோட மூக்கை உடைச்சிட்டாங்க.

4 அக்டோபர், இரவு 9.45

பெரியப்பாவுக்கு: ‘பட்’, ‘பட்டு’, ‘படை’ன்னு ஆரம்பிக்க வேண்டாம். ஏன்னு அடுத்து எழுதுறேன்.

5 அக்டோபர், மதியம் 1.10

ஏன்னா, அந்த ப எல்லாம் ஒரு காலத்துல ம. அந்த ட எல்லாம் ஒரு காலத்துல ந.

லஷூட்ஸீட்ல இன்னிக்கு மூக்கொலியே கிடையாது. ம இல்லை, ந இல்லை, ங இல்லை. உலகத்துல அப்படிப்பட்ட மொழி ரொம்ப அபூர்வம். ஆனா இந்த ஓரத்துல மட்டும் பக்கத்துப் பக்கத்துல கொஞ்சம் இருக்கு. ட்வானாவும் சேலிஷ். மக்கா, கிலியூட் ரெண்டும் சேலிஷே இல்லை, வேற குடும்பம், அங்கயும் மூக்கு அடைச்சிருக்கு. மழை ஊர், ஜலதோஷம்னு வகுப்புல ஒரு பையன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, ஆசிரியர் மட்டும் சிரிக்கலை. வருஷா வருஷம் யாராவது சொல்ற ஜோக் போல.

சாட்சி வேணும்னா எண்ணுப் பெயரைப் பாருங்க. மலைக்கு அந்தப் பக்கம் ஒகனாகன் மொழியில நாலுக்கு ‘முஸ்’. இங்க ‘பூஸ்’. வாய்க்கு அங்க ‘ட்ஸின்’ன்னு முடியும், இங்க ‘ட்ஸிட்’. லஷூட்ஸீட்ங்கிற பெயர்லயே கடைசியில இருக்கிறது அந்த வாய்தான். பல சேலிஷ் மொழிப் பெயர்கள்ல வாய் ஒட்டிக்கிட்டிருக்கும்.

அப்புறம் ஊர்ப் பெயர்கள். டுவாமிஷ், ஸ்னோஹோமிஷ், சுக்வாமிஷ். வெள்ளைக்காரங்க முதல்ல காதால கேட்டு எழுதினப்போ ‘மிஷ்’னு கேட்டிருக்கு, ஆங்கிலத்துல அப்படியே உறைஞ்சிடுச்சு. அந்த மக்களோட வாயில இப்ப அது ‘பிஷ்’ மாதிரி ஒலிக்குது. படகு மேலயும் சாலைப் பலகையிலயும் ம இருக்கு, மொழியில இல்லை.

அதனால படா7-வை ஒரு தமிழ்ச் சொல்லோட ஒட்ட வைக்கிறவர், முதல்ல ப-வை ம ஆக்கி, ட-வை ந ஆக்கிட்டு, அதுக்கப்புறம் ஒட்டட்டும்.

5 அக்டோபர், இரவு 11.20

வேற ஊர்ப் பெயர்கள்லயும் இரட்டிப்பு இருக்கான்னு கேட்டீங்க. வாலா வாலா, ஹாமா ஹாமா. ரெண்டுமே வாஷிங்டன் மாநிலத்துலதான். ரெண்டுமே சேலிஷ்.

6 அக்டோபர், காலை 8.00

தப்பு. வாலா வாலா சேலிஷ் இல்லை. சஹாப்டின்னு வேற குடும்பம். மாநிலத்தோட கிழக்குப் பக்கம் இருக்கிற அண்ணன் ஒருத்தர் தனிச்செய்தியில வந்து காதைத் திருகிட்டார். அங்க இருக்கிற வெங்காயத்துல இருந்து ஒயின் வரைக்கும் பேசினவர், கடைசியில ‘அது ஆத்தைக் குறிக்கிற சொல்லை ரெட்டிச்சது, ஆனா உன் சேலிஷ் இல்லை தம்பி’ன்னார். இரட்டிப்பு இந்தப் பக்கத்துல ஒரு குடும்பத்தோட சொத்து மட்டும் இல்லைன்னு அதுலயே தெரியுது.

ஹாமா ஹாமா நிக்கும். அது ட்வானா. ஆத்தங்கரையில முளைக்கிற ஒரு கோரைக்குப் பெயர் ஹப்ஹப், கிராமத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்துல அது ஹாமா ஹாமா ஆயிடுச்சு. பாருங்க, இங்கயும் அதே ப, ம விளையாட்டு.

6 அக்டோபர், மதியம் 3.30

‘பல’ன்னு நான் சொன்னது கொஞ்சம் அவசரம். ‘கள்’ மாதிரி அதை எடுத்துக்காதீங்க. லஷூட்ஸீட்ல ஒண்ணுக்கு மேல இருந்தா ரெட்டிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ரெட்டிச்சா, அங்கங்க பரவி இருக்கிறது, ஒவ்வொண்ணா இருக்கிறதுங்கிற சாயல் வருது. ‘வீடுகளுக்குப் போனான்’னு சொல்றதுக்கும் ‘வீடு வீடாப் போனான்’னு சொல்றதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான்.

இதை எழுதினதும் எனக்கே உறைக்குது. முதல் நாள் ‘இல்லை’ன்னு ஒரே சொல்லுல கதவைச் சாத்தினேன். சலசலல இருந்து பார்த்ததாலதான் அப்படிச் சொன்னேன். பார்த்த இடம் தப்பு. ‘மும்மூன்று’ல இருந்து பார்த்திருக்கணும்.

எங்க தாத்தா தேங்காய் எண்றப்போ ‘மும்மூணா வை’ம்பார். மூன்றுல இருந்து முதல் மெய்யும் உயிரும் வருது, நெடில் குறிலாகுது, நடுவுல ஒரு மெய் இரட்டிக்குது. இவ்விரண்டு, நந்நான்கு, பப்பத்து, வெவ்வேறு, தத்தம். சொல்லோட தலையைக் கொஞ்சம் கிள்ளி முன்னாடி வைக்கிறோம். பொருள் ‘ஒவ்வொரு தடவையும் இவ்வளவு’. இரட்டைக்கிளவிங்கிற பெயரைச் சொல்லாம, ‘எங்க ஊர்லயும் தலையைக் கிள்ளி வைப்போம்’னு கேட்டிருந்தா ‘ஆமா’ன்னு சொல்லியிருப்பேன்.

ஒகனாகன்ல ஆட்களை எண்ணவும் இதே மாதிரிதான். ரெண்டுக்கு ‘அஸீல்’. ரெண்டு பேருன்னா முன்னாடி ஒரு ஒட்டோட ‘அஸ்அஸீல்’. மூணுக்கு ‘கா7லீஸ்’, மூணு பேருக்கு ‘கா7கா7லீஸ்’. இருவர், மூவர்னு நாம ரகரத்தைப் போடுற இடத்துல அவங்க தலையை ரெட்டிக்கிறாங்க.

இதனால உறவுன்னு அர்த்தம் இல்லை பெரியப்பா. தலையைக் கிள்ளி முன்னாடி வைக்கிறது எந்த ஊர்க் குழந்தையும் கண்டுபிடிக்கிற வித்தை.

7 அக்டோபர், இரவு 10.05

உடம்பு உறுப்புகளும் கேட்டிருந்தீங்க. கால் — ஜஸட். கால்கள் — ஜஸ்ஜஸட். சின்னக் கால் — ஜிஜஸட். கை — ச்சாலஸ், சின்னக் கை — ச்சாலஸ். வீடு — ஆல்7ஆல், குடிசை — ஆ7ஆல்7ஆல். நாய் — ஸ்க்வபாய், நாய்க்குட்டி — ஸ்க்விக்வபாய். முன்னாடி இருக்கிற ‘ஸ்’ பெயர்ச்சொல்லுக்கான ஒட்டு. படியெடுக்கிறப்போ அதைத் தாண்டிப் போய் வேர்ல இருந்துதான் எடுக்கிறாங்க. நாய்க்குட்டியை வச்சு இதைக் கண்டுபிடிச்சேன்னு பெருமைப்பட்டேன், பாடப்புத்தகத்துல மூணாம் பக்கத்துலயே இருந்தது.

குழப்பம் ஒண்ணு இருக்கு. கையில அசலோட ஆகாரமே படியிலயும் வருது. காலுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு இகரம் குதிக்குது. ஏன்னு கேட்டா, அதுக்குக் காரணம் கிடையாது, மனப்பாடம்தான்.

8 அக்டோபர், காலை 6.50

காரணம் இருக்கு. ராத்திரி தூக்கம் வராம வகுப்பு நோட்டைப் புரட்டினேன். அசல்ல முழு உயிர் இருந்தா அதையே படியெடுக்கிறாங்க. அசல்ல அந்த மங்கல் உயிர் இருந்தா, ‘சின்ன’ங்கிற படிக்கு அழுத்தம் வந்து விழுறதால, மங்கலை வச்சுக்கிட்டு நிக்க முடியலை, இகரத்தைக் கடன் வாங்குது. படா7, ஜஸட், ஸ்க்வபாய், எல்லாத்துலயும் முதல் உயிர் மங்கல். அதனாலதான் பி, ஜி, க்வி. நம்ம ட்ஸிட்ஸிலாலிச்சும் அதே கணக்கு.

அப்ப பட்படா7ல மட்டும் மங்கல் எப்படி நிக்குதுன்னு கேட்பீங்க. சூசன் அர்பன்சிக் இதைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்காங்க. அவங்க வாதம் எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: பல-ங்கிற படி ஒரு வேர் மாதிரி நடந்துக்குது, சின்ன-ங்கிற படி ஒரு ஒட்டு மாதிரி நடந்துக்குது. வேருக்கு உடம்பு பெரிசு, மெய்-உயிர்-மெய் தாங்கும், மங்கல் உயிரையும் தாங்கும். ஒட்டுக்கு உடம்பு சின்னது. குழாய் வேலைக்காரன் பாஷையில சொன்னா, முதலாவது மெயின் லைன், ரெண்டாவது கிளைக் குழாய், ஒரே அழுத்தத்தை ரெண்டுலயும் எதிர்பார்க்கக் கூடாது.

8 அக்டோபர், இரவு 9.15

மூணாவது படி ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம இருந்தேன். எனக்குப் பிடிச்சதே அதுதான்.

இது சொல்லோட தலையை விட்டுட்டு உள்ளே போகுது. முதல் மெய்யைத் தாண்டி, உயிரையும் அடுத்த மெய்யையும் அங்கேயே ரெட்டிக்குது. இபஷ் — நடக்கிறது. இபிபஷ் — இங்கயும் அங்கயும் நடக்கிறது, போற இடம் இல்லாம நடை போடுறது. ஸஹ்வப்னா குதிச்சு ஓடுறது. ஸஹ்வஹ்வப்னா ஓடி ஓடி ஒண்ணும் ஆகாம அலையுறது.

இதுக்கு சேலிஷ் ஆய்வுக்காரங்க வச்ச பெயரைத் தமிழ்ல சொன்னா ‘கைமீறினது’. செய்றவர் பிடியில இல்லாம நடக்கிறது. லாரன்ஸ் தாம்ப்சன்தான் இந்தக் கைமீறலை சேலிஷ் இலக்கணத்தோட மையத்துக்குக் கொண்டு வந்தவர். அந்த மொழிகள்ல ஒரு வினையைச் சொல்றப்போ, வேணும்னு செஞ்சதா, தவறிப்போய் நடந்ததா, முட்டி மோதி ஒரு வழியா முடிச்சதான்னு சொல்லோட உருவமே சொல்லிடும்.

எங்க அம்மாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தப்போ அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு மணி நேரம் நடந்தார். ஜன்னல் வரைக்கும் போவார், தண்ணி கேன் வரைக்கும் வருவார். உட்காருங்கப்பான்னா ‘நான் எங்க நடக்கிறேன்’ம்பார். பொய் சொல்லலை, நிஜமாவே அவருக்குத் தெரியலை. ‘நடையா நடந்தார்’னு சொன்னா அதுல முயற்சி வந்துடுது. ‘உலாத்தினார்’னா சௌகரியம் வந்துடுது. வகுப்புல இபிபஷ் வந்த அன்னிக்கு அந்த நீலச் சுவரும் தண்ணி கேனும்தான் கண்ணுல நின்னது.

அம்மா நல்லா இருக்காங்க. நேத்துகூட சுண்டல்ல உப்புன்னு போன்ல திட்டினாங்க.

9 அக்டோபர், காலை 7.20

‘ரெண்டு எழுத்துன்னா குட்டி, மூணு எழுத்துன்னா கூட்டம்’ங்கிறது எல்லா சேலிஷ் மொழிக்கும் பொதுவான்னு கேள்வி. கூட்டம் பெரும்பாலும் பொது. கனடாவுல லில்லுவெட் மக்களோட மொழியில பெண்ணுக்கு ஸ்முலாட்ஸ், பெண்களுக்கு ஸ்மல்முலாட்ஸ். அங்க ம ம-வாவே இருக்கு, மூக்கு திறந்த ஊர்.

குட்டி விஷயத்துல ஜாக்கிரதை. வான்கூவர் தீவுல பேசுற ஹல்கமேலத்துல தீலம்னா பாடுறது. தீதலம்னா ‘குட்டிப் பாட்டு’ இல்லை, ‘பாடிக்கிட்டிருக்கிறது’. வேலை நடந்துட்டிருக்குன்னு சொல்ல அதே தலை கிள்ளல். கருவி ஒண்ணு, ஊருக்கு ஊர் வேற வேலைக்கு எடுக்கிறாங்க.

9 அக்டோபர், காலை 7.25

நுஹால்க் பத்திக் கேட்டவருக்கு: ஆமா, அதுவும் சேலிஷ்தான், வடக்கே பெல்லா கூலா பக்கம் தனியாக் கிடக்கு. உயிரே இல்லாத முழுச் சொல்லெல்லாம் அங்க உண்டு. கடல்நாய்க் கொழுப்புக்கு அவங்க சொல்றது ஸ்-ஹ்-ஸ், அவ்வளவுதான், நடுவுல மூச்சுக்கூட இல்லை. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’னு தொல்காப்பியர் எழுதி வச்சிட்டுப் போயிட்டார். பெல்லா கூலால யாரும் அவர்கிட்ட சொல்லலை.

10 அக்டோபர், இரவு 8.40

இது பழைய சொற்கள்ல மட்டும் உறைஞ்சு கிடக்கிற வித்தையா, உயிரோட இருக்கிறதான்னு மதுரைக்காரர் கேட்டது நல்ல கேள்வி.

வெள்ளைக்காரங்களுக்கு லஷூட்ஸீட்ல பாஸ்டட். சிரிக்காதீங்க, இது திட்டு இல்லை. பாஸ்டன்ல இருந்து வியாபாரக் கப்பல் வந்ததால, இந்தக் கரையோரம் பூரா அமெரிக்கனுக்கு ‘பாஸ்டன்’னே பெயர் விழுந்தது. ஊர் ஊராப் புழங்கின சினூக் கலப்பு மொழியில அந்தச் சொல் ஓடிச்சு. மூக்கில்லாத வாயில கடைசி ‘ன்’ போய் ‘ட்’ ஆச்சு. அப்புறம் அந்த ஆட்கள் கூட்டமா வந்து இறங்கினாங்க. பாஸ்பாஸ்டட்! கப்பல்ல வந்து இறங்கின சொல்லையும் தலையைக் கிள்ளி முன்னாடி வச்சாச்சு. உயிரோட இல்லாத வித்தை இதைச் செய்யாது.

பிறந்ததுல இருந்து அந்த மொழியிலயே வளர்ந்த தலைமுறை ஏறக்குறையப் போயாச்சுங்கிறதும் உண்மை. 1950-கள்ல லியான் மெட்காஃப் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு மூத்தவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பதிவு பண்ணினார். மேல் ஸ்காஜிட் குடியைச் சேர்ந்த வை ஹில்பர்ட் அம்மா, அந்த மாதிரிப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கினாங்க, பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினாங்க. தாம் ஹெஸ், டான் பேட்ஸ் கூடச் சேர்ந்து அவங்க கொண்டு வந்த அகராதி 1994-ல வந்தது. 2008-ல போயிட்டாங்க. என் படா7, பிபட்படா7 எல்லாம் எழுத்துல நிக்குதுன்னா இந்த மாதிரி ஆட்களாலதான். இப்ப டுலாலிப், புயாலப் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில சொல்லித் தர்றாங்க.

வகுப்புல எனக்குப் பக்கத்துல ஒரு பாட்டி உட்காருவாங்க, எழுபதுக்கு மேல. எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துப் படியெடுப்போம். அவங்க எதிர்ல இருந்த காபி கப்பைத் தொட்டு, அதோட பெயரைத் தானாவே குட்டியாக்கிச் சொன்னாங்க. அந்தச் சொல் அகராதியில இருக்கான்னு ஆசிரியர் புரட்ட ஆரம்பிச்சார். பாட்டி காபியைக் குடிச்சு முடிச்சிட்டாங்க.

12 அக்டோபர், மாலை 5.30

இன்னிக்கு பெயின்பிரிட்ஜ் படகுல அந்தக் கரைக்குப் போய், சுக்வாமிஷ்ல தலைவர் சியாட்டலோட சமாதியைப் பார்த்துட்டு வந்தோம். திரும்பி வந்து இறங்கினதும் பொண்ணுகிட்ட பலகையைக் காட்டினேன். ‘ட்ஸி எதுக்கு ரெண்டு?’ன்னா. சொன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, ‘அப்ப நான் பிபடா7வா, பிபட்படா7வா?’ன்னா.

பொம்மை இல்லை, பிள்ளைதான்னு சொன்னேன். ஐஸ்கிரீம் வாங்கித் தர்றவரைக்கும் பொம்மை மாதிரி அசையாம நின்னா.

13 அக்டோபர், காலை 9.10

7-ஆம் தேதிக் குறிப்புல ஒரு பிழை. கை, சின்னக் கை ரெண்டுக்கும் ச்சாலஸ்னே அடிச்சிட்டேன். சின்னக் கை ச்சாச்சாலஸ். ஒரு ச்சா விட்டுப்போனதுல அது பெரிய கையாவே நின்னுடுச்சு. இத்தனை நாள் கழிச்சுத் திருத்த இந்தத் தளம் விடாது. படிக்கிறவங்க ஒரு ச்சா கூடப் போட்டுக்கோங்க.